நடுவர் குழுவும் தீர்ப்பு முறையும்

லிபர்டேரியன் கருத்துகளை மையமாக வைத்து நடக்கும் அமெச்சூர் வீடியோப் போட்டியில் நடுவர் குழுவுக்கு இரண்டு வேலைகள் உண்டு. வந்த படங்களில் எது சிறந்தது என்று முடிவு செய்வது ஒன்று. அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதைப் பரிசு கிடைக்காதவரும் ஒப்புக்கொள்ளும்படி நடந்துகொள்வது இன்னொன்று. எல்லாப் போட்டிக்கும் இது பொருந்தும். ஆனால் இந்தப் போட்டிக்கு இரண்டாவது வேலையில் கூடுதல் கடமை இருக்கிறது. அதிகாரம் கையில் உள்ளவர் நினைத்தபடி முடிவெடுக்கக் கூடாது, முன்னதாக அறிவித்த விதிக்கு அவரும் கட்டுப்பட வேண்டும் என்பது லிபர்டேரியன் சிந்தனையின் ஆணிவேர். பொருளாதார அறிஞர் ஹாயெக் 1944இல் வெளியிட்ட ‘தி ரோடு டு செர்ஃப்டம்’ நூலில் சட்டத்தின் ஆட்சிக்குத் தந்த விளக்கம் ஏறத்தாழ இதுதான். அந்தக் கருத்தைப் படமாக எடுக்கச் சொல்லிவிட்டு, படங்களை மூடிய அறைக்குள் நடுவர்களின் மனப்போக்குக்கு விட்டுவிடும் போட்டி தன் பொருளுக்கே எதிராக நடக்கிறது. இந்த அத்தியாயத்தில் வரும் நடைமுறைகள் பெரும்பாலும் அமெரிக்கச் சூழலுக்கானவை. போட்டியின் கருப்பொருளும் சட்டமும் அமைப்புகளும் அங்கேயே அதிகம் இருப்பதே காரணம்.

கருப்பொருளின் எல்லை

நடுவர்களைத் தேடுவதற்கு முன்னால், எதை லிபர்டேரியன் படம் என்று ஏற்பது என்பதை அமைப்பாளர்கள் எழுதிவைக்க வேண்டும். அமெரிக்காவில் அந்தச் சொல் ஒரு கட்சியையும் குறிக்கும், அதைவிட அகலமான ஒரு சிந்தனை மரபையும் குறிக்கும். லிபர்டேரியன் கட்சி 1971 டிசம்பரில் கொலராடோவில் உருவானது. அதற்கு முன்பே லெனர்ட் ரீட் 1946இல் பொருளாதாரக் கல்வி அறக்கட்டளையைத் தொடங்கியிருந்தார். ‘ரீசன்’ இதழ் 1968இல் வந்தது. பின்னர் கேட்டோ நிறுவனம் போன்ற ஆய்வு அமைப்புகள் சேர்ந்துகொண்டன. இவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பொதுத்தளம் சிறியது, ஆனால் தெளிவானது. ஒருவரின் உடலும் உழைப்பும் அவருக்கே உரியவை. பிறர் மீது வன்முறையோ மோசடியோ செய்யக் கூடாது. சொத்துரிமை காக்கப்பட வேண்டும். கொடுக்கல் வாங்கல் இரு தரப்பும் விரும்பி நடக்க வேண்டும். அரசின் அதிகாரத்துக்கு வரம்பு வேண்டும்.

ராஜாஜி 1959இல் தொடங்கிய சுதந்திராக் கட்சியும், ‘லைசென்ஸ் பர்மிட் ராஜ்’ மீது அவர் வைத்த கண்டனமும் தமிழ் வாசகருக்கு நினைவு வரக்கூடும். பொருளாதாரத்தில் ஒற்றுமை உண்மையிலேயே உண்டு. ஆனால் அமெரிக்க மரபு அத்துடன் நிற்பதில்லை. போதைப்பொருள் தடை, கட்டாய ராணுவ சேவை, தனி வாழ்க்கையில் அரசின் தலையீடு ஆகியவற்றையும் அதே மூச்சில் எதிர்க்கிறது. கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேவிட் நோலன் பொருளாதாரச் சுதந்திரத்தையும் தனிவாழ்க்கைச் சுதந்திரத்தையும் இரண்டு அச்சுகளாக வைத்து ஒரு வரைபடம் போட்டார். அதை ஒருமுறை பார்த்த நடுவர், வரிக்குறைப்பு பற்றிய படம்தான் லிபர்டேரியன் படம் என்ற குறுகிய எண்ணத்துக்குள் சிக்க மாட்டார்.

பொதுத்தளத்தைத் தாண்டினால் உள்ளுக்குள் சண்டை நிறைய. காவல்துறை, நீதிமன்றம், ராணுவம் ஆகிய மூன்றுக்கு மட்டும் அரசு போதும் என்பவர்கள் ஒரு பக்கம். ராபர்ட் நோஸிக் 1974இல் வெளியிட்ட ‘அனார்க்கி, ஸ்டேட் அண்ட் யுடோபியா’ இவர்களின் முக்கிய நூல். அரசே வேண்டாம், அந்த வேலைகளையும் சந்தை பார்த்துக்கொள்ளும் என்ற மர்ரே ராத்பார்டின் வழியினர் இன்னொரு பக்கம். அயன் ராண்டின் நாவல்களைப் படித்து லிபர்டேரியன் சிந்தனைக்கு வந்தவர்கள் ஏராளம், ஆனால் அவரோ லிபர்டேரியன் என்ற அடையாளத்தையே மறுத்தார். குடியேற்றம், கருக்கலைப்பு ஆகியவற்றிலும் ஒருமித்த கருத்து கிடையாது. கருக்கலைப்பு பற்றி நீண்ட காலம் இருந்துவந்த பகுதியைக் கட்சியே 2022இல் ரீனோ மாநாட்டில் தன் கொள்கை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே நடுவர் குழு எந்தப் படத்தையும் ‘இது அசல் லிபர்டேரியன் கருத்தா’ என்ற பரீட்சைக்கு உட்படுத்தக் கூடாது. பொதுத்தளத்தில் உள்ள ஒரு கொள்கையாவது படத்தின் மையத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். இந்த ஒரு வரியைப் போட்டி விதியிலேயே அச்சிட்டுவிட்டால் பின்னால் எழக்கூடிய சச்சரவில் பாதி எழாமலே போகும்.

குழுவில் யார் யார்

குழுவுக்கு ஐந்து பேர் பொருத்தமான எண்ணிக்கை. மூன்று பேர் என்றால் ஒருவரின் பிடிவாதம் முடிவைத் திருப்பிவிடும். ஏழுக்கு மேல் போனால் எல்லோரையும் ஒரே நேரத்தில் கூட்டுவதே பெரும்பாடு. ஐந்தில் ஒருவர் படத்தொகுப்போ ஒளிப்பதிவோ தெரிந்தவராக இருக்க வேண்டும். ஒருவர் பொருளாதாரமோ அரசியல் தத்துவமோ கற்றவராக இருந்து, படத்தில் சொல்லப்படும் தகவல் சரியா என்று பார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மூன்றாமவர் ஆசிரியர் அல்லது இதழாளர், அதாவது சிக்கலான விஷயத்தைப் பொதுமக்களுக்குப் புரியவைப்பதைத் தொழிலாகக் கொண்டவர். நான்காமவர் இயக்கத்தில் நீண்ட காலம் இருந்தவர். முன்பு பலமுறை வந்து சலித்துப்போன கருத்து எது, புதியது எது என்று அவருக்குத்தான் தெரியும்.

ஐந்தாவது இடம்தான் பல போட்டிகளில் தவறாக நிரப்பப்படுகிறது. அந்த இடத்தை லிபர்டேரியன் கருத்தை ஏற்காத, ஆனால் நியாயமாகக் கேட்கக்கூடிய ஒருவருக்குத் தர வேண்டும். போட்டியின் படங்கள் யாருக்காக எடுக்கப்படுகின்றன? ஏற்கனவே ஒப்புக்கொண்டவர்களுக்காக அல்ல. வெளியே நிற்பவருக்குப் படம் எப்படித் தெரிகிறது என்பதை உள்ளே இருக்கும் நால்வரால் ஊகிக்க மட்டுமே முடியும். அவரால் நேரடியாகச் சொல்ல முடியும். குறைந்தபட்ச ஊதியம் பற்றிய ஒரு படம் அரங்கிலுள்ள ஆதரவாளர்களைக் கைதட்ட வைத்தாலும், அந்த ஐந்தாமவருக்கு ஏழைகளை ஏளனம் செய்வதுபோலப் பட்டால், குழுவுக்கு அது அவசியம் தெரிய வேண்டிய செய்தி.

பிரபலங்களை நடுவராக்குவது விளம்பரத்துக்கு உதவும். மூவ்ஆன் என்ற இடதுசாரி அமைப்பு 2003ஆம் ஆண்டு இறுதியில் ‘புஷ் இன் 30 செகண்ட்ஸ்’ என்ற அமெச்சூர் அரசியல் விளம்பரப் போட்டியை நடத்தியபோது மைக்கேல் மூர், கஸ் வான் சான்ட் போன்ற இயக்குநர்களை நடுவர்களாக்கியது. பெயர் பெரிதாக இருந்ததால் செய்தியும் பெரிதானது. ஆனால் பிரபலத்துக்கு நேரம் இருக்காது. இறுதிச்சுற்றுக்கு வரும் எல்லாப் படங்களையும் பார்ப்பதாக எழுத்தில் ஒப்புக்கொள்ளாத எவரையும், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், வாக்குள்ள நடுவராக வைக்கக் கூடாது. பரிசு வழங்கும் விழாவுக்கு அழைத்துக்கொள்ளலாம்.

ஐவருக்கும் அப்பால் வாக்கு இல்லாத ஒருங்கிணைப்பாளர் ஒருவர் தேவை. படங்களுக்கு எண் கொடுப்பது, எடுத்தவர் பெயரை மறைப்பது, மதிப்பெண் தாள்களை வாங்கிக் கூட்டுவது, விதி மீறாமல் கூட்டத்தை நடத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. இந்த வேலையை நடுவர்களில் ஒருவரிடமே கொடுப்பது வழக்கமாக இருக்கிறது. அது நல்ல வழக்கமல்ல. மற்றவர்களின் மதிப்பெண்ணை முன்கூட்டியே பார்க்கும் நடுவரின் மதிப்பெண் தனித்து நிற்காது.

நடுவர் ஒவ்வொருவரும் போட்டியாளருடன் உறவு, நட்பு, ஆசிரியர்–மாணவர் தொடர்பு, வேலைத் தொடர்பு ஏதாவது இருந்தால் எழுதித்தர வேண்டும். லிபர்டேரியன் வட்டாரம் சிறியது. ஒரே மாநாடுகளில் ஒரே முகங்கள். ‘தொடர்பே இல்லாத நடுவர்’ என்று தேடினால் யாரும் கிடைக்க மாட்டார்கள். தொடர்பைத் தெரிவித்துவிட்டு அந்த ஒரு படத்துக்கு மட்டும் மதிப்பெண் போடாமல் விலகுவதே நடைமுறைக்கு ஏற்றது. அப்படத்துக்கு மீதி நான்கு பேரின் சராசரியை எடுத்துக்கொள்ளலாம்.

பரிசுப் பணம் தருபவர் வேறு விதமான சிக்கல். ‘என் பணம், நான் தேர்ந்தெடுக்கிறேன்’ என்று அவர் சொன்னால் லிபர்டேரியன் அமைப்பாளருக்கு மறுப்புச் சொல்வது கஷ்டம். சொத்துரிமைப்படி அவர் சொல்வது சரியும்கூட. அதற்கு வழி, ‘புரவலர் பரிசு’ என்று தனியாக ஒன்றை அறிவித்து, அதைப் புரவலரே தேர்ந்தெடுப்பார் என்பதையும் முதலிலேயே எழுதிவிடுவதுதான். நடுவர் குழுவின் பரிசு என்று அறிவித்த ஒன்றில் அவர் கை வைக்கக் கூடாது. அந்த அறிவிப்பை நம்பித்தான் போட்டியாளர் தன் உழைப்பைப் போட்டிருக்கிறார்.

சட்டம் வைக்கும் எல்லைகள்

நடுவர் குழு அமெரிக்காவில் வெறும் மரியாதைக்காக இருப்பதல்ல. அங்கே பரிசு, அதிர்ஷ்டம், பங்கேற்கக் கொடுக்கும் விலை ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் அது லாட்டரி, தனியார் நடத்தினால் சட்டவிரோதம். திறமைப் போட்டி அந்த வலையில் விழாமல் தப்பிப்பதற்குக் காரணம், முன்னதாக அறிவித்த அளவுகோலின்படி தகுதியுள்ளவர்கள் தீர்ப்பு சொல்வதுதான். இதிலிருந்து ஒரு நடைமுறை விதி பிறக்கிறது. இரண்டு படங்கள் சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கக் கூடாது. எந்த அளவுகோலில் கூடுதல் மதிப்பெண் பெற்றது முன்னிலை பெறும் என்று விதியில் எழுதி அதன்படியே போக வேண்டும். நுழைவுக் கட்டணம் வாங்காமல் இருப்பது இன்னும் பாதுகாப்பு.

நடத்தும் அமைப்பு அமெரிக்க வரிச்சட்டத்தின் 501(சி)(3) பிரிவின் கீழ் வரிவிலக்கு பெற்றதாக இருந்தால், தேர்தல் வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ அது செயல்படக் கூடாது. 1954இல் வந்த ஜான்சன் திருத்தம் விதித்த தடை இது. எனவே, கொள்கையைப் பேசிவிட்டுக் கடைசி ஐந்து விநாடியில் ‘இவருக்கு வாக்களியுங்கள்’ என்று முடியும் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முதற்கட்டத்திலேயே வெளியேற வேண்டும். நடுவர்கள் இதைத் தங்கள் ரசனையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாமல் ஒருங்கிணைப்பாளரிடம் விட்டுவிடுவது நல்லது.

பதிப்புரிமையில் ஒரு சுவையான சிக்கல் உண்டு. அயன் ராண்ட் காப்புரிமையையும் பதிப்புரிமையையும் உறுதியாக ஆதரித்தார். லிபர்டேரியன் எழுத்தாளர் ஸ்டீஃபன் கின்செல்லா 2001இல் எழுதிய நீண்ட கட்டுரையில் அறிவுச்சொத்து என்பதே கூடாது என்று வாதிட்டார். பின்னவரைப் படித்த போட்டியாளர் ஒரு சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டுவிட்டு, அது தன் கொள்கை என்று சொல்லக்கூடும். கொள்கை விவாதத்துக்குப் படத்தில் இடமுண்டு. போட்டிக்கு நடப்புச் சட்டமே அளவு. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு விமர்சனம், கிண்டல், கல்வி போன்ற நோக்கங்களுக்குச் சிறு அளவில் எடுத்தாள இடம் தருகிறது. ஆனால் உணர்ச்சி கூட்டுவதற்காக முழுப்பாட்டையும் ஓடவிடுவது அதற்குள் அடங்குவது அரிது. யூடியூபின் கன்டென்ட் ஐடி முறை 2007 முதலே இத்தகைய இசையைத் தானாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பரிசு பெற்ற படம் மறுநாளே முடக்கப்படுவதைவிட, உரிமை பெற்ற இசை அல்லது கிரியேட்டிவ் காமன்ஸ் இசை மட்டும் என்று விதி வைப்பது எல்லோருக்கும் நிம்மதி.

‘அமெச்சூர்’ என்பதற்கும் எழுத்தில் வரையறை வேண்டும். டோரிட்டோஸ் என்ற சிப்ஸ் பிராண்டு 2006 முதல் பத்தாண்டு நடத்திய ‘கிராஷ் த சூப்பர் பவுல்’ போட்டியில் 2009ஆம் ஆண்டு வென்றது இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த, வேலையில்லாத இரு சகோதரர்கள் எடுத்த விளம்பரம். ரசிகர் மதிப்பீட்டில் பெரிய விளம்பர நிறுவனங்களை எல்லாம் முந்தி, 10 லட்சம் டாலர் பரிசு பெற்றது. அமெச்சூர் என்றால் தரம் குறைவு என்று பொருளல்ல என்பதற்கு இது போதிய சான்று. வரையறை தரத்தைப் பற்றியதாக இல்லாமல் வருமானத்தைப் பற்றியதாக இருக்கட்டும். கடந்த சில ஆண்டுகளில் வீடியோ எடுத்து முக்கிய வருமானம் ஈட்டாதவர் என்று வைத்துக்கொண்டால், திருமண வீடியோவில் எப்போதாவது உதவிக்குப் போன கல்லூரி மாணவர் தகுதி இழக்க மாட்டார், விளம்பர நிறுவன ஊழியர் நுழையவும் மாட்டார்.

மதிப்பெண் தாள்

தாளில் நான்கு தலைப்புகள் போதும். கருத்தின் தெளிவுக்கு 30, உண்மைக்கும் வாதத்துக்கும் 25, கதை சொல்லும் விதத்துக்கு 30, தொழில்நுட்பத்துக்கு 15. அமெச்சூர் போட்டியில் தொழில்நுட்பத்துக்கு இதைவிடக் கூட்டினால் விலை உயர்ந்த கேமரா வைத்திருப்பவருக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும். அந்த 15க்குள்ளும் ஒலிக்குத்தான் பெரும்பங்கு தர வேண்டும். மங்கலான காட்சியைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார், காற்றின் இரைச்சலில் மூழ்கிப்போன வசனத்தைப் பொறுக்க மாட்டார்.

உண்மை என்ற தலைப்பில்தான் நடுவர் அதிகம் உழைக்க வேண்டும். லிபர்டேரியன் படங்களில் அடிக்கடி வரும் ஒரு கதை கனெக்டிகட் மாநிலத்து நியூ லண்டன் நகரில் சூசெட் கீலோவின் வீடு. நகர வளர்ச்சித் திட்டத்துக்காக அந்த வீட்டைக் கையகப்படுத்தலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அமெச்சூர் படம் ஒன்று இதை ‘இழப்பீடே தராமல் வீட்டைப் பிடுங்கினார்கள்’ என்று சொன்னால் அது தவறு. இழப்பீடு தர வேண்டும் என்பதில் வழக்கே இல்லை. தனியார் வளர்ச்சியைப் ‘பொதுப் பயன்பாடு’ என்று எண்ணலாமா என்பதே கேள்வியாக இருந்தது. உண்மைக் கதையே போதிய அளவு நெஞ்சைத் தொடும். கீலோ அந்த வீட்டை விற்க விரும்பவில்லை, திட்டமோ கடைசிவரை கட்டப்படவே இல்லை, நிலம் பல ஆண்டுகள் புல் முளைத்துக் கிடந்தது. மிகைப்படுத்தியவர் நல்ல கதையைத் தானே பலவீனமாக்கியிருக்கிறார் என்பதை மதிப்பெண் காட்ட வேண்டும்.

எதிர்த்தரப்பை எப்படிக் காட்டுகிறது என்பதும் இதே தலைப்பில் அடங்கும். ஜான் பாப்போலாவும் பொருளாதார அறிஞர் ரஸ் ராபர்ட்ஸும் 2010இல் வெளியிட்ட ‘ஃபியர் த பூம் அண்ட் பஸ்ட்’ என்ற ராப் வீடியோவில் கெய்ன்ஸும் ஹாயெக்கும் மோதுகிறார்கள். எடுத்தவர்களின் சாய்வு ஹாயெக் பக்கம். இருந்தும் கெய்ன்ஸுக்குக் கம்பீரமான வரிகளும் கொண்டாட்டமான காட்சிகளும் கொடுத்தார்கள். பல லட்சம் பேர் பார்த்ததற்கும், பொருளாதார வகுப்புகளில் போட்டுக்காட்டப்பட்டதற்கும் அந்த நேர்மை ஒரு முக்கியக் காரணம். எதிராளியை முட்டாளாகக் காட்டும் படம் தன் வாதத்தை இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. அதற்கு 25இல் பாதிக்கு மேல் தரத் தேவையில்லை.

கதை சொல்லலுக்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஆப்பிரிக்க முறையில் தலைமுடி பின்னும் பெண்கள் அழகுக்கலை உரிமம் பெற வேண்டும் என்று அமெரிக்காவின் பல மாநிலங்கள் நிர்ப்பந்தித்தன. அதற்குச் சில இடங்களில் ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி தேவைப்பட்டது, அந்தப் பாடத்தில் முடி பின்னுவது ஏறக்குறைய இல்லவே இல்லை. 1991இல் தொடங்கிய இன்ஸ்டிடியூட் ஃபார் ஜஸ்டிஸ் என்ற சட்ட அமைப்பு அந்த ஆண்டு முதலே இத்தகைய வழக்குகளை எடுத்து நடத்திவருகிறது. இதைப் பற்றி இரண்டு படங்கள் வருவதாகக் கொள்வோம். முதலாவதில் ஓர் இளைஞர் கேமராவைப் பார்த்து உரிம முறையின் தீமைகளை மூன்று நிமிடம் விளக்குகிறார். சொல்வதெல்லாம் சரி. இரண்டாவதில் பேச்சே குறைவு. ஒரு பெண்ணின் விரல்கள் முடியை மூன்றாகப் பிரித்துப் பின்னிக்கொண்டே போகின்றன. திரையின் ஓரத்தில் அவர் முடிக்க வேண்டிய பயிற்சி மணிகள் ஓடுகின்றன. கடைசியில் அவர் பாடப்புத்தகத்தின் பொருளடக்கத்தில் விரலை வைத்துத் தன் தொழிலைத் தேடுகிறார், அது அங்கே இல்லை. கருத்துத் தெளிவில் இரண்டும் சமமாக வரலாம். கதை சொல்லலில் முதலாவதற்கு 10, இரண்டாவதற்கு 26 என்று தர நடுவர் தயங்க வேண்டியதில்லை.

முதற்கட்டத் தேர்வு

120 படங்கள், ஒவ்வொன்றும் 3 நிமிடம் என்றால் பார்ப்பதற்கு மட்டும் 6 மணி நேரம். குறிப்பெழுதி மதிப்பெண் போட்டால் அது இரட்டிப்பாகும். ஐந்து நடுவர்களும் எல்லாவற்றையும் பார்ப்பது இயலாத காரியம். தன்னார்வலர்கள் இருவர் இருவராக முதற்கட்டத்தைச் செய்து, 15 முதல் 20 படங்களை மேலே அனுப்பலாம். இருவரில் ஒருவர் வேண்டும் என்றாலும் படம் மேலே போக வேண்டும். இருவரும் வேண்டாம் என்றால் காரணம் எழுதப்பட வேண்டும். இந்தக் கட்டத்தில் தவறுதலாக உள்ளே வந்த சுமாரான படத்தால் நஷ்டமில்லை, தவறுதலாக வெளியே போன நல்ல படம் திரும்பி வராது.

பொதுவில் காட்டுவதற்கு முன்பே முதற்கட்டம் முடிந்திருக்க வேண்டும் என்பதை மூவ்ஆன் போட்டி பெரும் விலை கொடுத்துக் கற்றது. ஆயிரத்துக்கும் மேல் வந்த விளம்பரங்களுக்கிடையே அதிபர் புஷ்ஷை ஹிட்லரோடு ஒப்பிட்ட இரண்டு, அமைப்பின் தளத்தில் ஏறிவிட்டன. அவை தேர்ந்தெடுக்கப்படவில்லை. ஆனாலும் 2004 ஜனவரியில் எழுந்த கண்டனத்தில் போட்டியின் பெயரோடு அவைதான் ஒட்டிக்கொண்டன. வென்ற படமோ அருமையானது. அமெரிக்கக் குழந்தைகள் பாத்திரம் கழுவுவதையும் தொழிற்சாலையில் வேலை செய்வதையும் வசனமின்றிக் காட்டி, அரசின் பற்றாக்குறைக் கடனை அடைக்கப்போவது யார் என்று கடைசியில் கேட்டது. அரசின் கடன் பற்றி லிபர்டேரியன்கள் சொல்லிவரும் கருத்தை இடதுசாரி அமைப்பின் போட்டியில் வென்ற முப்பது விநாடிப் படம் அவர்களைவிட நன்றாகச் சொல்லிவிட்டது. லிபர்டேரியன் போட்டியின் நடுவர்கள் அதை ஒருமுறை பார்ப்பது நல்ல பயிற்சி.

பார்க்கும் முறை

உண்மையான படங்களைத் தொடுவதற்கு முன் ஐவரும் போட்டியில் இல்லாத மூன்று மாதிரிப் படங்களைத் தனித்தனியே பார்த்து மதிப்பெண் போட்டு, பிறகு ஒப்பிட்டுப் பேச வேண்டும். ஒருவரின் 60 இன்னொருவரின் 80 என்பது அப்போதே தெரிந்துவிடும்.

வரிசையும் தீர்ப்பைப் பாதிக்கும். பிரஸ்ஸல்ஸில் நடக்கும் குயின் எலிசபெத் இசைப் போட்டியின் பியானோ முடிவுகளை ஆராய்ந்து ஃப்ளோரஸ், கின்ஸ்பர்க் ஆகிய இருவர் 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இறுதிச்சுற்றில் பின்னால் வாசித்தவர்களுக்கு நல்ல இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்ததையும், முதலில் வாசித்தவர்கள் பின்தங்கியதையும் அது காட்டியது. வாசிக்கும் வரிசையோ குலுக்கலில் முடிவாவது. வீடியோப் போட்டியில் இதைச் சரிசெய்வது மிக எளிது. ஒவ்வொரு நடுவருக்கும் வேறு வேறு வரிசையில் பட்டியல் அனுப்பினால் போதும். முதலில் பார்த்த மூன்று படங்களை எல்லாம் முடிந்தபின் மீண்டும் பார்த்து மதிப்பெண்ணைத் திருத்திக்கொள்ளவும் அனுமதிக்கலாம். அனுபவசாலிகளுக்கும் இது தேவை. கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் நடுவர்களுக்கு ஒரே ஒயினை அவர்கள் அறியாமல் மூன்று முறை கொடுத்து ராபர்ட் ஹாட்ஜ்சன் செய்த ஆய்வு 2008இல் வந்தது. மூன்று முறையும் ஏறத்தாழ ஒரே தரம் தந்தவர்கள் பத்தில் ஒருவர்தான்.

இறுதிச்சுற்றுப் படம் ஒவ்வொன்றையும் இரண்டு முறையாவது பார்க்க வேண்டும். இரண்டாம் முறை ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தால், படம் காட்சியால் ஏதாவது சொல்கிறதா, அல்லது வானொலி உரைக்கு ஒட்டிய படங்களா என்பது உடனே தெரியும். ஒரே அமர்வில் பத்துக்கு மேல் பார்க்காமல் இருப்பது படங்களுக்குச் செய்யும் நியாயம்.

மதிப்பெண்ணைக் கூட்டுதல்

வெறுமனே கூட்டினால் ஒரே ஒரு நடுவர் எல்லோரையும் மீறிவிட முடியும். ஒரு படத்துக்கு நான்கு நடுவர்கள் 80, 82, 81, 79 தருகிறார்கள், ஐந்தாமவர் 30 தருகிறார். மொத்தம் 352. இன்னொரு படத்துக்கு அந்த நால்வர் 72, 74, 73, 71 தர, ஐந்தாமவர் 90 தருகிறார். மொத்தம் 380. ஐந்தில் நான்கு பேர் விரும்பிய படம் தோற்றுவிடுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிட்டால் முதல் படத்துக்கு 240, இரண்டாவதற்கு 219. நால்வரின் விருப்பம் மேலே வருகிறது. ஒவ்வொரு நடுவரும் படங்களை முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்தி அந்த இடங்களைக் கூட்டுவது மற்றொரு வழி. குறையே இல்லாத முறை என்று எதுவும் கிடையாது, மூன்று படங்களும் அதற்கு மேலும் உள்ள போட்டியில் எல்லா நியாயமான நிபந்தனைகளையும் நிறைவேற்றும் வரிசை முறை இருக்க முடியாது என்று பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1951லேயே நிறுவியிருக்கிறார். குறை தெரிந்த ஒரு முறையை முன்னதாக அறிவித்துவிட்டு மாற்றாமல் இருப்பதே இங்கே கடமை. மதிப்பெண் வந்தபின் கூட்டும் முறையை மாற்றுவது, எவ்வளவு நல்ல எண்ணத்துடன் செய்தாலும், விரும்பியவரை வெற்றியாளராக்கும் வேலைதான். உயர்ந்ததையும் தாழ்ந்ததையும் நீக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால், ஒருவர் விலகிய படத்துக்கு மீதி நால்வரிலும் அவ்வாறே நீக்கிச் சராசரி எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதிவைக்க வேண்டும்.

இணையத்தில் மக்கள் வாக்கைச் சேர்த்துக்கொள்ளும் ஆசை பல அமைப்பாளர்களுக்கு வரும். சந்தையே தீர்மானிக்கட்டும் என்ற வாதம் லிபர்டேரியன் காதுக்கு இனிமையாகவும் இருக்கும். ஆனால் சந்தையில் வாங்குபவர் தன் பணத்தைக் கொடுத்துத் தனக்காக வாங்குகிறார், இணைய வாக்காளரோ நண்பர் கேட்டதற்காக ஒரு பொத்தானை அழுத்துகிறார். யாருக்கு நண்பர் வட்டம் பெரிது என்பதையே அந்த எண்ணிக்கை காட்டும். ‘மக்கள் விருப்பப் பரிசு’ என்று சிறியதாகத் தனியே வைத்துக்கொண்டு, முதன்மைப் பரிசை நடுவர்களிடமே விட வேண்டும்.

இறுதிக் கூட்டம்

மதிப்பெண் தாள்கள் எல்லாம் ஒருங்கிணைப்பாளரிடம் வந்துசேர்ந்த பிறகே நடுவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும். பலர் சேர்ந்து எடுக்கும் முடிவு தனி ஒருவருடையதைவிடச் சரியாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் கொண்டோர்செ 1785இல் கணக்கிட்டுக் காட்டியது ஒவ்வொருவரும் தனித்துத் தீர்மானிக்கிறார்கள் என்ற நிபந்தனையின் பேரில்தான். முதலில் பேசியவரைத் தொடர்ந்து மற்றவர்கள் தலையாட்டினால் ஐந்து நடுவர்கள் இருப்பதாகச் சொல்ல முடியாது. கூட்டத்தில் வயதிலும் பெயரிலும் இளையவர் முதலில் பேசட்டும். இயக்கத்தின் மூத்தவர் கடைசியில் பேசட்டும்.

பேச்சுக்குப் பிறகு ஒருவர் தன் மதிப்பெண்ணை மாற்ற விரும்பினால், எந்தத் தலைப்பில், என்ன காரணத்துக்காக என்று தாளிலேயே எழுதிக் கையெழுத்திட்டு மாற்றலாம். தகவல் பிழையை மற்றவர் சுட்டிக்காட்டியது நல்ல காரணம். ‘இந்தப் படம் வென்றால் நம் அமைப்புக்கு நல்ல பெயர்’ என்பது காரணமே அல்ல. எந்தப் படமும் தகுதியான மதிப்பெண்ணை எட்டவில்லை என்றால் முதல் பரிசை நிறுத்திவைக்கலாமா என்ற கேள்வி இந்தக் கூட்டத்தில் எழும். அதற்கான விடை போட்டி விதியிலேயே இருந்திருக்க வேண்டும். அங்கே எதுவும் சொல்லப்படவில்லை என்றால் பரிசைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அறிவிப்புக்குப் பின்

இறுதிச்சுற்றுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் நான்கு தலைப்புகளிலும் பெற்ற சராசரியையும், நடுவர் பெயர் இல்லாமல் இரண்டு மூன்று வரிக் கருத்தையும் அனுப்ப வேண்டும். அமெச்சூர்களுக்குப் பரிசைவிட இது பல நேரம் பயன்படும். அடுத்த ஆண்டு நல்ல படங்கள் வருவதும் இதனால்தான். ‘நன்றாக இருந்தது, இன்னும் முயலுங்கள்’ போன்ற வரிகள் வேண்டாம். ‘இரண்டாம் நிமிடத்தில் புள்ளிவிவரம் திரையில் ஒரு விநாடிதான் நிற்கிறது, படிக்க முடியவில்லை’ என்பதுபோல எழுதினால் எடுத்தவருக்கு எங்கே திருத்துவது என்று தெரியும்.

வென்ற படத்தின் மீது அமைப்புக்கு என்ன உரிமை என்பது நுழைவுப் படிவத்திலேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம். உரிமையை முழுவதுமாக எழுதி வாங்காமல், காட்டவும் பரப்பவும் அனுமதி மட்டும் பெற்று, சொந்தம் எடுத்தவரிடமே இருக்கும்படி விடுவது சொத்துரிமையைப் போற்றும் போட்டிக்குப் பொருத்தம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் விவரங்களை இணையத்தில் வாங்குவதை 1998ஆம் ஆண்டுச் சட்டம் தனியாகக் கட்டுப்படுத்துகிறது என்பதால், 13ஐ அடிவயதாக வைத்துவிடுவது எளிது.

பரிசு கொடுத்தபின் படம் திருடப்பட்டது அல்லது எடுத்தவர் தொழில்முறையாளர் என்று தெரியவந்தால், ஒருங்கிணைப்பாளர் ஆதாரத்தை ஐவருக்கும் அனுப்பி, சம்பந்தப்பட்டவரின் பதிலையும் பெற்று, எழுத்தில் வாக்கெடுக்க வேண்டும். ஐவரில் நால்வர் ஒப்பினால் பரிசு ரத்தாகும், அடுத்த இடத்தில் இருப்பவர் மேலே வருவார். அதற்கு மறுபடி பார்ப்பதோ மறுபடி மதிப்பெண் போடுவதோ தேவையில்லை. முதலில் போட்ட தாள்களே செல்லும். அதனால் திருத்தங்களோடு கூடிய மூலத் தாள்களையும், விலகல் கடிதங்களையும், முதற்கட்டத்தில் நிராகரித்த காரணக் குறிப்புகளையும் அடுத்த ஆண்டுப் போட்டி முடியும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.